முன்னால் பார்க்காத பறவை

இந்தப் பக்கத்தைப் படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். எதிர்ச் சுவரில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கட்டை விரல்களை ஆட்டுங்கள். பார்வையை நகர்த்தக் கூடாது. இரண்டு விரல்களும் ஆடுவது மங்கலாகத் தெரியும். இப்போது கைகளை மெல்லப் பின்னுக்குக் கொண்டு போங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு விரல்களும் காணாமல் போகும். அதுவரைதான் உங்கள் உலகம்: சுமார் 180 டிகிரி, தாராளமாகச் சொன்னால் 200. முதுகுக்குப் பின்னால் இருக்கும் மிச்ச உலகத்தில் என்ன நடக்கிறது என்பதைக் காது சொன்னால் உண்டு.

இரண்டாவது சோதனைக்கு வீட்டிலிருக்கும் ஊசி போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்த்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னால் போகும், பின்னால் போகும், காதுக்குள் மட்டும் போகாது. நம் இரு கண்களும் முகத்தின் முன்பக்கத்தில் அருகருகே இருப்பதால் ஒரே காட்சியைச் சற்றே வேறுபட்ட இரண்டு கோணங்களில் பார்க்கின்றன. அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. இப்படி இரு கண்ணுக்கும் பொதுவான பகுதி நமக்குச் சுமார் 120 டிகிரி. விலங்குலகத்தில் இது பெரிய சொத்து.

ஆனால் இலவசமாக வந்த சொத்தல்ல. கண்கள் இரண்டுதான். பார்வை என்பது சின்னப் போர்வை மாதிரி. தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும். இரு கண்களையும் முன்னால் வைத்துக்கொண்டால் தூரம் துல்லியமாகத் தெரியும், முதுகு அனாதையாகிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் நாலா திசையும் தெரியும், எதிரே இருப்பது எத்தனை அடி தூரம் என்பது அத்தனை சுலபமாகத் தெரியாது. எந்தப் பக்கம் இழுப்பது என்பதை அந்தந்தப் பிராணியின் பிழைப்பு தீர்மானிக்கிறது.

முயலுக்குப் பிழைப்பு என்பது அகப்படாமல் இருப்பது. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும், சற்று மேலேயும் பிதுங்கி நிற்கின்றன. ஏறக்குறைய 360 டிகிரியும் தெரியும். தலையைத் திருப்பாமலேயே பின்னால் வரும் நரியையும் மேலே வட்டமிடும் பருந்தையும் பார்த்துவிடும். தெரியாத இடம் எது தெரியுமா? அதன் மூக்குக்கு நேர் எதிரே. முயல் வளர்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். வாய்க்கு எதிரே நீட்டிய காரட்டை அது மீசையாலும் மோப்பத்தாலும் தேடித்தான் பிடிக்கும்.

குதிரைக்குச் சுமார் 350 டிகிரி. வாலுக்கு நேர் பின்னால் ஒரு கீற்றும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும்தான் இருட்டு. குதிரையின் பின்னால் போய் நிற்காதே என்று பெரியவர்கள் சொன்னது இந்தக் கீற்றைப் பற்றித்தான். திடீரென்று அங்கே முளைக்கும் மனிதர் அதற்கு ஆளாகத் தெரிவதில்லை, ஆபத்தாகத்தான் தெரிகிறார். உதை விழுகிறது. குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் வண்டிக் குதிரையின் கண்களுக்குப் பக்கத்தில் தோல் மறைப்பு கட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். குதிரை நேராகப் பார்ப்பதற்காகக் கட்டுவது என்று என் சிறு வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி உண்மை. பின்னால் உருண்டு வரும் வண்டிச் சக்கரமும் பக்கத்தில் ஹாரன் அடிக்கும் பஸ்ஸும் ஓயாமல் அதன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் என்பதுதான் மீதிப் பாதி. இயற்கை கொடுத்த 350 டிகிரியை வண்டிக்காரர் தோல் துண்டால் நறுக்கிவிடுகிறார்.

ஆடு இன்னும் ஒரு படி மேலே. அதன் கண்மணி நம்முடையதைப் போல வட்டமல்ல, படுக்கைவாட்டில் கிடக்கும் ஒரு பெட்டி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 214 வகைத் தரைவாழ் விலங்குகளின் கண்மணிகளை ஒப்பிட்டு 2015ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேய்கிற, இரையாகிற பிராணிகளுக்குப் பெரும்பாலும் படுக்கைக் கண்மணி. தரையோடு பதுங்கிப் பாயும் சிறு வேட்டைப் பிராணிகளுக்குப் பூனையைப் போல நிமிர்ந்த கீற்று. படுக்கைக் கண்மணி தரையோரமாக அகலமாகப் பார்க்க உதவுகிறது. சரி, ஆடு மேய்வதற்குத் தலையைக் கவிழ்த்தால் கண்மணியும் செங்குத்தாகிவிடாதா? ஆகாது. தலை குனியக் குனியக் கண் குழிக்குள் எதிர்ப்பக்கமாகச் சுழன்று, கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. 50 டிகிரி வரை. அடுத்த முறை ஆடு மேய்வதைப் பார்த்தால் குனிந்து அதன் கண்ணைக் கவனியுங்கள். ஆடு மேய்ப்பவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

நமது முதுகுப்புற இருட்டுக்கு வருவோம். அதை மிக நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் பிராணி புலி. மனிதரை எதிரில் வந்து தாக்குவது அதற்கு வழக்கமில்லை. பின்னாலிருந்து பாயும். சுந்தரவனத்தில் தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் மீன் பிடிக்கவும் போனவர்கள் ஆண்டுதோறும் இப்படிப் பலியாகிக்கொண்டிருந்தார்கள். 1986ல் அன்றைய கல்கத்தாவின் அறிவியல் மன்றம் ஒன்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர் யோசனை சொன்னார். தலையின் பின்பக்கம் மனித முகமூடி மாட்டிக்கொண்டு போனால் என்ன? புலிக்கு எது முன், எது பின் என்று தெரியாமல் போகுமே? வனத்துறை முகமூடிகளை விநியோகித்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் முகமூடி அணிந்த யாரும் கொல்லப்படவில்லை என்றும், அணியாதவர்களில் ஒன்றரை ஆண்டில் 29 பேர் பலியானார்கள் என்றும் 1989ல் அதிகாரிகள் தெரிவித்தார்கள். புலிகள் பின்னர் இந்தத் தந்திரத்தைப் புரிந்துகொண்டுவிட்டன என்று சொன்னவர்களும் உண்டு. இதைக் கறாரான பரிசோதனை என்று சொல்ல முடியாது. முகமூடி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஜாக்கிரதையானவர், மற்ற விஷயங்களிலும் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம்.

கறாரான பரிசோதனை ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் நடந்தது. மாடுகளின் பின்பக்கத்தில் பெரிய கண்களை வரைந்து மேய்ச்சலுக்கு விட்டார்கள். சில மாடுகளுக்குக் கண்ணுக்குப் பதில் வெறும் பெருக்கல் குறி. சிலவற்றுக்கு எதுவுமில்லை. நான்கு ஆண்டுகளில் 2,061 மாடுகள். 2020ல் முடிவு வெளிவந்தபோது, ஒன்றும் வரையாதவற்றில் 15 மாடுகளும் பெருக்கல் குறி போட்டவற்றில் நான்கு மாடுகளும் சிங்கம், சிறுத்தைகளுக்கு இரையாகியிருந்தன. கண் வரைந்த மாடு ஒன்றுகூட இல்லை. பார்க்கப்பட்டுவிட்டோம் என்று தோன்றினால் பதுங்கும் வேட்டைக்காரருக்கு ஆர்வம் போய்விடுகிறது.

அப்படியானால் மனிதருக்கு ஏன் இரண்டு கண்ணும் முன்னால்? நம் மூதாதையர் மரத்துக்கு மரம் தாவினார்கள், தூரம் தப்பினால் விழுந்து சாக வேண்டியதுதான், அதனால்தான் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். அமெரிக்க மானிடவியலாளர் மாட் கார்ட்மில் 1970களில் இதைக் கேள்வி கேட்டார். அணிலைப் பாருங்கள் என்றார். கண்கள் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. ஆனாலும் கிளை விட்டுக் கிளை தாவுகிறது, விழுவதில்லை. முன்னோக்கிய கண்கள் வந்தது மெல்லிய கிளைகளில் ஊர்ந்துபோய்ப் பூச்சியைக் கையால் 'லபக்' என்று பிடித்ததால்தான் என்பது அவருடைய வாதம். அதற்கு நம் தேவாங்கைவிட நல்ல சாட்சி கிடையாது. ராத்திரியில் ஓசைப்படாமல் நகர்ந்து, பூச்சியைக் கையால் கவ்வும் அந்தப் பிராணிக்கு முகமே இரண்டு கண்கள்தான். கார்ட்மில் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. என் ஓட்டு அணில் பக்கம்.

பறவைகளுக்குப் போனால் கதை மாறுகிறது. நான் சொல்ல வந்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

மனிதர் மாதிரி முகம் என்றால் ஆந்தையைச் சொல்வோம். ஆனால் ஆந்தையின் இருகண் பார்வை நாம் நினைக்கும் அளவுக்கு அகலமல்ல. ஐரோப்பாவின் பழுப்பு ஆந்தையை அளந்தபோது அது 50 டிகிரிக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. நம்முடையதில் பாதிகூட இல்லை. அதன் கண் உருண்டையும் அல்ல, குழாய் போன்றது. குழிக்குள் அசையாது. கடைக்கண் பார்வை என்பதே ஆந்தைக்குக் கிடையாது. அதனால்தான் கழுத்தை 270 டிகிரி வரை திருப்புகிறது. ஊரில் பார்க்கும் புள்ளி ஆந்தை நம்மைக் கண்டதும் தலையை மேலும் கீழும் ஆட்டுவது பயமுறுத்துவதற்காக மட்டுமல்ல. கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்து தூரத்தை அளக்கவும் அது உதவுகிறது.

பறவைகளின் பார்வைப் புலத்தை அளப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிரஹாம் மார்ட்டின். முறை எளிமையானது, பொறுமைதான் அதிகம் வேண்டும். பறவையை வலிக்காமல் பிடித்து, தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் வைத்து, கண் டாக்டர் நம் கண்ணுக்குள் பார்க்கப் பயன்படுத்துகிறாரே, அந்தக் கருவியால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். எந்தக் கோணம் வரை விழித்திரையின் ஒளி திரும்பி வருகிறதோ அதுவரை அந்தப் பறவையால் பார்க்க முடியும். முடிந்ததும் பறவை அதன் வழியே போகலாம்.

இப்படிப் பல இனங்களை அளந்த பிறகு மார்ட்டின் சொன்னது பலருக்கு அதிர்ச்சி. பறவைகளின் கண்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பறப்பது அல்ல, அலகு. இரையை அலகால் குறி பார்த்துக் கொத்த வேண்டும், குஞ்சின் வாயில் சரியாக ஊட்ட வேண்டும் என்றால் அலகு நுனி இரு கண்ணுக்கும் தெரிந்தாக வேண்டும். அதற்கு வேண்டிய அளவு முன்பக்கப் பார்வை, பெரும்பாலும் 30 டிகிரிக்குள். அவ்வளவுதான். மீதியெல்லாம் பக்கவாட்டில் எதிரி, உறவு, உணவு பார்ப்பதற்கு.

குளிர்காலத்தில் நீலகிரி வரை வந்து போகும் உள்ளான் இனம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் துரைகள் ஊட்டியில் ஆசையாகச் சுட்டுத் தின்ற உட்காக். அது ஈர மண்ணில் நீண்ட அலகை நுழைத்து, தொட்டுணர்ந்தே புழுவைப் பிடிக்கும். குஞ்சுகளும் பிறந்ததும் எழுந்து நடக்கும். ஆக, அலகைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விளைவு, கண்கள் உச்சந்தலைக்கும் பின்பக்கத்துக்கும் போய்விட்டன. சுற்றிலும் 360 டிகிரி, தலைக்கு மேலேயும் முழுதாகத் தெரியும். முதுகுப்பக்கம்கூட இரு கண்ணுக்கும் பொதுவான ஒரு கீற்று உண்டு. மாட்டின் காலடியில் நின்றபடி பூச்சி பிடிக்கும் உண்ணிக்கொக்கு நேர்மாறு. அதன் இருகண் பார்வை அலகுக்குக் கீழே கால் வரை இறங்குகிறது. தலையைக் குனியாமலேயே தன் பாதத்தருகில் ஓடும் வெட்டுக்கிளியைப் பார்க்கும்.

அலகுக்காக அமைந்த கண்ணை வைத்துக்கொண்டுதான் பறவை பறக்கிறது. இது பல லட்சம் ஆண்டுகளாகப் பிரச்னையாக இருந்ததில்லை. வெட்டவெளியின் ஆகாயத்தில் குறுக்கே என்ன இருக்கப் போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் ஜெய்சல்மேரிலிருந்து சம் கிராமத்துக்கு ஜீப்பில் போனேன். கானமயிலைப் பார்ப்பதுதான் உத்தேசம். ராஜஸ்தானில் கோடாவண், குஜராத்தில் கோராட், மகாராஷ்டிரத்தில் மால்டோக். பெயரில் மயில் இருந்தாலும் மயிலுக்குச் சொந்தமல்ல. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. பறக்கக்கூடிய பறவைகளில் மிகவும் கனமானவற்றில் ஒன்று. தேசியப் பறவையைத் தேர்ந்தெடுத்தபோது சாலிம் அலி பரிந்துரைத்தது இதைத்தான். 1963ல் மயில் ஜெயித்தது. ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழகம் வரை 11 மாநிலங்களில் இருந்தது. 1969ல் 1,260 என்று கணக்கிட்டார்கள். இப்போது காட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு தார் பாலைவனத்தில்.

நாள் முழுக்கச் சுற்றியும் கானமயில் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் காற்றாலைகளும் டவர்களும் கம்பிகளும்தான். டிரைவர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பளபளக்கும் தகடுகளைக் காட்டினார். "சாப், இது கோடாவணுக்காக மாட்டியது. காற்றில் சுற்றும். தூரத்திலிருந்தே பறவைக்குத் தெரியும், ஒதுங்கிப் போய்விடும்" என்றார். நானும் நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினேன். ஊருக்கு வந்து படித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. பறவைக்குத் தெரியும் என்று நமக்கு யார் சொன்னது?

மார்ட்டினும் அவருடன் ஜெஸ் ஷா என்ற ஆய்வாளரும் 2010ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் மின்கம்பிகளில் அடிக்கடி மோதிச் சாகும் பறவைகளில் மூன்றின் பார்வைப் புலத்தை அளந்திருந்தார்கள்: கோரி பஸ்டர்டு, நீலக் கொக்கு, வெள்ளை நாரை. கோரி பஸ்டர்டு நம் கானமயிலின் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். மூன்றுக்கும் முன்பக்க இருகண் பார்வை ஒடுக்கமான, செங்குத்தான ஒரு கீற்றுதான். அதன் இரு புறமும் பக்கவாட்டில் தாராளமாகத் தெரியும். ஆனால் தலைக்கு மேல்பக்கம் ஒரு பெரிய குருட்டுப் பகுதி. பெரிய கண் கொண்ட பறவைகளுக்கு நேரடி வெயில் உள்ளே விழாமல் காக்க இப்படி ஒரு மறைப்பு தேவைப்படுகிறது என்பது மார்ட்டினின் விளக்கம். நாம் தொப்பி போட்டுக்கொள்வது போலத்தான்.

பறவை நிமிர்ந்து பறக்கும்போது இதனால் கெடுதல் இல்லை. தொப்பியின் விளிம்பு ஆகாயத்தைத்தான் மறைக்கும். ஆனால் பறக்கும்போது அது நிமிர்ந்தே இருப்பதில்லை. கீழே மேயும் சகாக்கள் எங்கே, இறங்க இடம் எங்கே, வெட்டுக்கிளி கூட்டம் எங்கே என்று தரையைத் துழாவுகிறது. தலை குனிகிறது. தொப்பியும் சேர்ந்து குனிகிறது. பஸ்டர்டு 25 டிகிரி தலையைக் குனிந்தால் போதும், தான் போய்க்கொண்டிருக்கும் திசை முழுவதும் இருட்டாகிவிடும். நீலக் கொக்குக்கு 35 டிகிரி. நாரைக்கு 55. இருட்டு என்றால் மங்கல் அல்ல, ஒன்றுமே தெரியாது, நமக்கு முதுகுப்பக்கம் எப்படித் தெரியாதோ அப்படி. தெருவில் வீட்டு நம்பர்களைத் தேடிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டும் ஆசாமியை எண்ணிக்கொள்ளுங்கள். அவராவது அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பார். எதிரே லாரி வரலாம் என்று அவருக்குத் தெரியும். கானமயிலின் முன்னோர்களுக்கு எதிரே எதுவும் வந்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தாலும் பெரிதாக லாபமில்லை. பறவைகளின் கூர்மையான பார்வை பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கிறது. நேர் எதிரே தெரிவது அத்தனை தெளிவில்லை. கம்பி தெரிந்த பிறகு 15 கிலோ உடம்பைச் சட்டென்று மேலேற்றவோ திருப்பவோ முடியாது. சிட்டுக்குருவி கடைசி நொடியில் விலகிவிடும். கானமயில் சரக்கு லாரி.

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தார் பகுதியில் கம்பிகளுக்கு அடியில் நடந்து நடந்து செத்த பறவைகளை எண்ணினார்கள். 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட பறவைகள் கம்பிகளால் சாகின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. அதில் கானமயில் ஆண்டுக்குப் பதினைந்துக்கும் மேல். எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம். மொத்தமே 150க்குள் என்பதையும், பெட்டை வழக்கமாக ஒரு தடவைக்கு ஒரே முட்டையைத் தரையில் இடுகிறது என்பதையும், அதையும் நாயும் நரியும் தின்றுவிடுகின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேட்டை, மேய்ச்சல் நில அழிவு, தெருநாய் எல்லாவற்றுக்கும் இந்தப் பறவையின் வீழ்ச்சியில் பங்கு உண்டு. ஆனால் இன்று வளர்ந்த பறவைகளைக் கொல்வதில் முதலிடம் கம்பிக்குத்தான்.

விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குப் போட்டவர் எம்.கே. ரஞ்சித்சிங். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2021 ஏப்ரலில் நீதிமன்றம், முடிந்த இடங்களிலெல்லாம் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. அதுவரை கம்பிகளில் தகடுகள் மாட்டும்படியும் உத்தரவிட்டது. ஆனால் இதே பாலைவனம்தான் நாட்டின் சூரிய மின்சாரத்துக்கும் சுரங்கம். பாட்லாவில் மட்டும் 2,245 மெகாவாட். உயர் அழுத்த மின்சாரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண்ணுக்கடியில் அனுப்புவது செலவிலும் தொழில்நுட்பத்திலும் சாமான்யமல்ல என்று மத்திய அரசு வாதாடியது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் தன் முந்தைய உத்தரவைத் தளர்த்தி, சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கும் பொதுவான தடை சாத்தியமில்லை என்று சொல்லி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

அரசு சொன்ன கஷ்டங்கள் பொய்யல்ல. நிலக்கரிப் புகை இல்லாத மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பூமிக்கடியில் போட முடியாவிட்டால் தகடு மாட்டிவிட்டால் போயிற்று என்று பலர் பேசுவதைக் கேட்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. தகடு என்பது முன்னால் பார்க்கிற ஜீவனுக்கான ஏற்பாடு. மனிதர் தன் கண்ணை வைத்து யோசித்துச் செய்த ஏற்பாடு.

இது வெறும் ஊகமில்லை. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட பகுதியில், கம்பிகளின் சில நீளங்களில் தகடு மாட்டியும் சில நீளங்களில் மாட்டாமலும் பல ஆண்டுகள் செத்த பறவைகளை எண்ணிப் பார்த்தார்கள். அதே ஜெஸ் ஷாவும் குழுவினரும் 2021ல் முடிவை வெளியிட்டார்கள். தகடு மாட்டிய இடத்தில் நீலக் கொக்குகளின் மரணம் 92 சதவிகிதம் குறைந்தது. பெரிய பறவைகள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 51 சதவிகிதம். பஸ்டர்டுகளுக்கு? எந்தப் பலனும் இல்லை.

92 சதவிகிதம் என்பது அருமையான செய்தி. நீலக் கொக்கின் நெருங்கிய உறவு, குளிர்காலத்தில் ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும் குர்ஜா கொக்குகள். அவற்றுக்காகத் தகடுகளைத் தாராளமாக மாட்டட்டும். கானமயிலுக்காக மாட்டினோம் என்று கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி. 25 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம்தானா இந்த இரு பறவைகளின் தலையெழுத்தைப் பிரித்தது, பறக்கும் நேரம், பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்தா என்று விஞ்ஞானிகள் இன்னும் பேசுவார்கள். கணக்குப் புத்தகத்துக்கு முடிவு ஒன்றுதான்.

ஆக, கானமயில் பறக்கும் வழியில் கம்பி இல்லாமல் இருப்பதுதான் வழி. எங்கும் அல்ல. அந்தப் பறவை மேய்கிற, முட்டையிடுகிற, ஒரு புல்வெளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற குறிப்பிட்ட பாதைகளில். எல்லாக் கம்பியையும் புதைக்கச் சொல்வதைவிட, புதிய கம்பிகளை ஒரே தாரையாக அந்தப் பாதைகளுக்கு வெளியே வளைத்துக் கொண்டுபோகச் சொல்வது செலவு குறைந்தது. மிச்சமிருக்கும் சில நூறு கிலோமீட்டரைப் புதைப்பது கட்டுப்படியாகாத காரியமல்ல என்பது என் அபிப்பிராயம். டவர் எங்கே நிற்க வேண்டும் என்பது மேஜை மேல் வரைபடத்தில் முடிவாகிறது. பறவையின் கண் எங்கே இருக்க வேண்டும் என்பது அப்படி முடிவாவதில்லை.

சம் கிராமத்தில் 2019 முதல் ஓர் இனப்பெருக்க மையம் இயங்குகிறது. காட்டிலிருந்து எடுத்து வந்த முட்டைகளைப் பொரித்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சும் பிறந்துவிட்டது. அங்கே பொரிந்த குஞ்சுகள் நன்றாக வளர்கின்றன என்கிறார்கள். மையத்தின் வேலியைத் தாண்டி அவற்றைத் திறந்துவிட ஒரு நாள் வரும். எந்தப் புல்வெளியில் விடுவது என்று இடம் பார்ப்பவர்கள், மண்ணையும் புல்லையும் நாய்களையும் பார்த்துவிட்டு, தலையை உயர்த்தி மேலேயும் ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.